வலப்பக்க ஒதறல்

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்ததும் எனக்கு இலையோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வரும். "ஏங்க கேப்டன், எறக்க அந்த ஆட்டம் ஆடுதே, ஒடிஞ்சிடாதா?" கேட்பவர் துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ விடுமுறைக்கு வந்தவராக இருப்பார். வழி முழுக்க விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இறக்கையையே பார்த்துக்கொண்டு, கண்ணை மூடாமல், பயந்துபோய் வந்திருப்பார். முன்பெல்லாம் ஒரு அப்பளத்தை எடுத்து, வளையாததுதான் ஒடியும் என்று உடைத்தே காட்டுவேன். இறக்கை வளைய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள், நுனி மேலும் கீழும் போய்வருவது நல்லது என்று விளக்குவேன். இப்போதெல்லாம் சாதத்தில் சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டே "ஒண்ணும் ஆவாதுங்க" என்பதோடு சரி. இத்தனை வருடம் ஒரே பதிலைச் சொன்னால் யாருக்கும் அலுத்துப்போகும்.

ஆட்டத்துக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. கவலைப்பட வேண்டியது ஒதறலுக்கு. உதறல் என்று எழுதுவதுதான் சரி, தெரியும். ஆனால் அப்படி எழுதினால் யாரோ மாடியில் துணியை உதறிக் காயப்போடுவது போல இருக்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்தில் பஸ் ஸ்டியரிங் நடுங்கினாலும் ஒதறுது, மோட்டார் பம்ப் நடுங்கினாலும் ஒதறுது, குளிர்காய்ச்சலில் உடம்பு நடுங்கினாலும் ஒதறுது. எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். இந்தக் கதையே அந்தச் சொல்லால் வந்ததுதான்.

மேகத்துக்குள் நுழையும்போது வரும் குலுக்கல் வெளியிலிருந்து வருவது. காற்று அடங்கினால் அதுவும் அடங்கிவிடும். ஒதறல் விமானத்துக்குள்ளிருந்தே வருவது. இறக்கையின் பின்விளிம்பில் கதவு போல மேலும் கீழும் அசையும் ஒரு பலகை உண்டு. விமானத்தை இடமும் வலமும் சாய்ப்பது அதுதான். அதன் கீலில் மயிரிழை தேய்ந்தால் போதும், ஓடுகிற காற்று அதைப் பிடித்துப் படபடவென்று தட்ட ஆரம்பித்துவிடும். தரையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. நல்ல உயரத்தில், கடுங்குளிரில் வெகுநேரம் ஊறிய பிறகு, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தலைகாட்டும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஒன்றும் தெரியாதது போல அடங்கிவிடும். எங்கள் கம்பெனியில் இருந்தவற்றில் ஒரு விமானம் அப்படி ஆனது.

அது முதலில் தெரிந்தது என் இடது கைக்கு. கேப்டன் உட்காருவது இடது இருக்கையில். இடது கை எதிரே விமானத்தைத் திருப்பும் அரைச் சக்கரத்தின் மேல் இருக்கும், வலது கை எஞ்சின் நெம்புகோல்களின் மேல் இருக்கும், வேலை இல்லாத நேரத்தில் தொடையில் கிடக்கும். சென்னையிலிருந்து கிளம்பி உயரம் பிடித்து, சாப்பாட்டுத் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பஸ்ஸின் கம்பியைப் பிடித்தால் தெரியுமே, அந்த மாதிரி ஒரு சன்னமான நடுக்கம் சக்கரத்தில் வந்தது. காற்று பச்சைத்தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. அதனால் வெளிக்காற்றின் வேலை அல்ல என்பது உறுதி.

பிறகு எரிபொருள் கணக்கிலும் தெரிந்தது. போகிற வழியில் அங்கங்கே, திட்டப்படி எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். மற்ற விமானங்கள் ஏறத்தாழ ஒத்துப்போகும். இது மட்டும் எப்போதும் கொஞ்சம் ஜாஸ்தியாகக் குடித்தது. இறக்கையின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய காற்று அந்தப் பலகையில் கலைந்துபோனால், விமானத்தை இழுத்துப் பிடிக்கும் சக்தி கூடும், எஞ்சின் கூடுதலாக உழைத்துத்தான் அதே வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையில் ஓட்டினால் வலப்பக்கமாகச் சாயப் பார்த்தது. சக்கரத்தை ஒரு பொட்டு இடதுபக்கம் பிடித்தே இருக்க வேண்டியிருந்தது. ஆபத்து என்று சொல்ல முடியாது. அலுப்பு. நாள் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும் சைக்கிளை ஓட்டியவனுக்கு அது எந்த மாதிரி அலுப்பு என்று தெரியும். ஒதறலை நிறுத்த வேகத்தைக் குறைத்தால் தாமதம். தாமதமானால் அதற்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டும்.

புகார் எழுதினேன். தரையில் சோதித்துவிட்டுக் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்று பதில் எழுதினார்கள். மறுபடி எழுதினேன், மறுபடி அதே பதில். என்னோடு பறந்த துணை விமானிகளைக் கேட்டுப் பயனில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். "உனக்குத் தெரியுதா?" என்று கேட்டால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஆமாம் என்ற முகத்தோடு இருந்தால் தெரியுது சார் என்பார்கள். தரையிறங்கிய பிறகு அலுவலகத்தில் கேட்டால், அப்படி ஒன்றும் கவனிக்கவில்லை என்பார்கள்.

கடைசியில் ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டு டீ வரவழைத்தார். குடும்பம், பிள்ளை படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு, தூக்கமெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். விமானத்தில் ஒன்றும் இல்லையென்றால் உன்னிடம் ஏதோ இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். எங்கள் தொழிலில் மருத்துவத் தகுதி போனால் எல்லாம் போயிற்று. எத்தனை ஆயிரம் முறை இறக்கியிருந்தாலும் சரி, மறுநாளிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற ஆளோடு ஆளாகிவிடுவோம். எனக்கு இந்த வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தோட்டம் போடத் தெரியாது, கோயிலில் போய் உட்காரத் தெரியாது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். கோளாறு இறக்கையில்தான் என்று காட்டாமல் ஓய்வதில்லை என்று வீம்பு பிடித்தேன்.

எனக்கு ஆதரவாக இருந்தது ஒரே ஒருவன். சென்னையில் தரைப் பராமரிப்பில் இருக்கும் எஞ்சினியர், காடாம்புலியூர்க்காரன். என் மனைவி பிறந்த தெருவில் அவனுடைய சித்தியைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். அப்படியானால் நீங்கள் எனக்கு மாமா முறை என்று அவனே முடிவு செய்துகொண்டான். மற்றவர்கள் முன்னால் கேப்டன், தனியாக இருந்தால் மாமா. பலாப்பழக் காலத்தில் காரின் டிக்கியைத் திறந்தால் அவன் வைத்துவிட்டுப் போன பழம் இருக்கும், ஒரு வாரத்துக்கு வாசனை போகாது. மற்ற எஞ்சினியர்களிடம் நான் ஆங்கிலத்தில் அதிர்வைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொன்னதை, அவனிடம் "ஒதறுது மாப்ளே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். அவன் உடனே எங்கே, எப்போது, எதைத் தொட்டால் நிற்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிடுவான்.

விடுமுறைக்குச் சிதம்பரம் வந்திருந்தேன். எங்கள் வீடு ரத வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மனைவி உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று சனிக்கிழமை மதியம், அவள் உள்ளே பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். காடாம்புலியூர்க்காரன் போன் செய்தான். மறுபடி ஒருமுறை கழற்றிப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டானாம், எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டான். கூடத்தில் நடந்துகொண்டே நான் சொன்னேன்:

"ரைட் சைடுதான், சந்தேகமே இல்ல. சும்மா இருந்தா ஒதறுது. வேல குடுத்தா நின்னுடுது. எத்தினி மாசமாச்சி, இனிமே மூடி மறைக்க முடியாது."

நான் சொன்னது இறக்கைப் பலகையை. அது நேராக, பளு இல்லாமல் இருக்கும்போது ஒதறும். சக்கரத்தைத் திருப்பி அதற்கு வேலை கொடுத்தால் காற்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும், நின்றுவிடும். தேய்மானம் கீலில்தான் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அவன் சரி மாமா என்று வைத்துவிட்டான்.

திரும்பிப் பார்த்தால் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். கையில் சிவப்புப் பேனா. கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கிட்டே வந்து என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்டதான பேசினீங்க? நல்லவேள, நீங்களே சொல்லிட்டீங்க. எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நான் தவிச்சிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதைச் சொன்னேன் என்று கேட்டேன். அவளுக்கு அப்போதுதான் தப்பு புரிந்தது. முகம் மாறிவிட்டது. ஆனால் பேச்சு வெளியே வந்துவிட்டது, இனி விழுங்க முடியாது. மெதுவாகச் சொன்னாள். டிவி பார்க்கும்போது, பேப்பர் படித்துவிட்டு மடியில் கை வைத்திருக்கும்போது, நடக்கும்போது, என் வலது கை நடுங்குகிறதாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரையை உருட்டுவது போல ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கிறதாம். டம்ளரைத் தூக்கினாலோ பேனாவைப் பிடித்தாலோ நின்றுவிடுகிறதாம். அதனால்தான் எனக்குத் தெரியவில்லை என்றாள்.

சும்மா இருந்தால் ஒதறுகிறது, வேலை கொடுத்தால் நின்றுவிடுகிறது. அவள் கேட்டதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை.

இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். கொஞ்ச மாதங்களாகச் சாயங்காலம் ரத வீதிகளைச் சுற்றி நடக்கப்போகும்போது அவள் என் வலப்பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் ஊரில் எங்கள் வயதில் யாரும் அப்படி நடக்க மாட்டார்கள். பால் கடைக்காரர் சிரித்தார். அவளோடு வேலைபார்க்கும் டீச்சர் ஒருத்தி வாய்விட்டே கிண்டல் செய்தாள். நான் வெட்கப்படுகிற மாதிரி காட்டிக்கொண்டு உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன். பிள்ளை வெளியூர் போய்விட்டான், நான் பாதி நாள் வானத்தில், இந்த வயதில் இவளுக்கு என்மேல் இப்படி ஒரு பிரியம் என்று. கை நடுங்குவது யார் கண்ணிலும் படக்கூடாதென்றுதான் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அதுவும் பிரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த நிமிடம் அவமானமாகத்தான் இருந்தது.

கத்தினேன். கையை மேசைமேல் நீட்டி, விரல்களை விறைத்து, எங்கே நடுங்குகிறது காட்டு என்றேன். நடுங்கவில்லை. கோளாறு எதுவும் காணப்படவில்லை. ஒதறுகிற விமானத்தில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தால் உடம்பில் அது தங்காதா, கப்பலிலிருந்து இறங்கியவனுக்குத் தரை ஆடவில்லையா என்றெல்லாம் பேசினேன். அவள் செவ்வாய்க்கிழமை கடலூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் டோக்கன் போட்டிருப்பதாகச் சொன்னாள். சிதம்பரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நர்ஸோ டாக்டரோ அவளுடைய பழைய மாணவியாக இருப்பாள். அதனால்தான் கடலூர்.

சண்டை போட்டுக் களைத்துப்போய்த்தான் கிளம்பினேன். அவள் காரை ஓட்டினாள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை ரேடியோ பாடிக்கொண்டே வந்தது. நான் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிக்கொண்ட கை நடுங்குகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்தக் கிளினிக் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைய ஆட்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் கை, அவர் மடியில் வைத்திருந்த ஸ்கேன் கவரைச் சரசரவென்று ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் அதைக் கவனித்த மாதிரியே இல்லை, பழகிப்போயிருக்கும். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் முறைக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கையில் போன் அடித்தது.

காடாம்புலியூர்க்காரன். மூச்சு வாங்கப் பேசினான். "புடிச்சிட்டோம் மாமா. வலது எறக்கயில கீலு புஷ்ஷு தேஞ்சி கெடக்கு. கையால ஆட்டுனா டக்கு டக்குன்னு சத்தம் வருது. நீங்க சொன்ன எடம், அச்சு அசல். ஒங்க கைதான் மாமா மீட்டரு."

எழுந்து நின்றேன். அத்தனை பேர் நடுவில் சிரித்துவிட்டேன். மனைவியிடம் வா போகலாம் என்றேன். விமானத்தில்தான் கோளாறு, கண்டுபிடித்துவிட்டார்கள், நான் சொன்ன இடத்திலேயே இருந்தது, என் கையில் ஒன்றுமில்லை என்றேன். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டும் இருக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?"

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பத்தாவது தடவை ஒரே கணக்கை நடத்துகிறவளின் குரல் அது. எனக்குக் காதில் ஏறவில்லை. படியிறங்கிப் போய்க் காரருகே நின்றேன். வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள். டோக்கனைக் கேன்சல் செய்யாமல் அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. குடிகாடு தாண்டும்போது தொழிற்பேட்டையிலிருந்து அந்த மருந்து நாற்றம் வந்தது. அவள் வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றினாள். நான் வழியெல்லாம் மேலதிகாரியிடம் என்னென்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கீலுக்குள் இருக்கும் உலோக வளையமான அந்தப் புஷ்ஷை மாற்றினார்கள். பலகையின் இடைவெளியை அளந்து சரிசெய்தார்கள். அடுத்த முறை அதை நானே ஓட்ட வேண்டும் என்று மேலதிகாரியே சொன்னாராம். மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கத்தில் அதுதான் மன்னிப்பு. காலையில் டெல்லி, மதியம் அங்கிருந்து திரும்பிச் சென்னை.

போகும்போது எனக்கு ஓய்வே இல்லை. வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், ஆட்டோபைலட்டை எடுத்துக் கையில் ஓட்டிப் பார்த்தேன். கையை எடுத்தாலும் விமானம் நேராகவே போனது. எந்தப் பக்கமும் சாயவில்லை. எரிபொருள் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது. திரும்பும்போது சோதிக்க எதுவும் பாக்கி இல்லை. நல்ல வெயில், கீழே வறண்ட பூமி, அசையாத காற்று. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இடது கையைச் சக்கரத்தின்மேல் லேசாக வைத்துக்கொண்டேன். பளிங்குத்தரையைத் தொட்ட மாதிரி இருந்தது, ஒரு அதிர்வும் இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த அமைதி. அதை அனுபவித்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போது என் கால்சட்டைத் துணியில் ஏதோ உரசுவது போலத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். தொடைமேல் கிடந்த வலது கை, தன்பாட்டுக்கு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உருட்டிக்கொண்டிருந்தது.

நான் நிறுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கை மாதிரியே தெரியவில்லை. ஒதறுகிற விமானம் இருந்தவரை எனக்கு அது ஒரு மறைவாக இருந்திருக்கிறது. எல்லாம் நடுங்கும்போது எது எதனுடைய நடுக்கம் என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? மறைவை நானே மல்லுக்கட்டிப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். பயம் வந்தது. பிறகு பயமும் போய், இத்தனை நாள் வீம்பு பிடித்த களைப்பு முழுக்க ஒரேயடியாக வந்து தோளில் உட்கார்ந்தது. துணை விமானியிடம் இனி நீ ஓட்டு, இறக்குவதும் நீயே என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி சார் என்றான். நன்றாகத்தான் இறக்கினான்.

சென்னையில் பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகு காடாம்புலியூர்க்காரன் மேலே ஏறி வந்தான். வாயெல்லாம் பல்லாக இருந்தது. துணை விமானி பையை எடுத்துக்கொண்டு போகும்வரை கேப்டன், கேப்டன் என்று மரியாதையாகப் பேசினான். பிறகு வலது இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பேனாவைத் திறந்து, புகாரை முடித்துவைக்கத் தயாரானான். நான் இன்னும் இருக்கையை விட்டு எழவில்லை. எழுந்தால் திரும்ப உட்கார முடியாது என்று தெரியும். மருத்துவப் பிரிவுக்கு நானேதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் யாரிடமாவது எங்கள் பேச்சிலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"இப்ப எப்பிடி மாமா, இன்னம் ஒதறுதா?" என்றான்.

"வண்டி ஒதறல மாப்ளே," என்றேன்.

எழுதப்போனவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அப்புறம் அவன் பார்வை என் தொடைப்பக்கம் இறங்கியது. நான் கையை மறைக்கவில்லை.